ஒரு காம்பராவும் ராசுவின் மீசையும்

மார்ச் 3, திங்கள்

காலையிலிருந்து மூடுபனி. தேயிலைத் தோட்டத்தில் எதிர் லயத்து வரிசை வீடுகள்கூடத் தெரியவில்லை.

ஹட்டனத் தாண்டாதவன்னா சொன்ன? யார, என்னையா? டேய் ராசு, ஒனக்கு மொத மொத கொழும்பு காட்டினதே நான்தான்டா. கோட்டை ஸ்டேசன்ல தொலைஞ்சு போயி, பொலிஸ்காரன் பெல்ட்டப் புடிச்சுகிட்டு சிங்களத்துல அழுதது யாரு? நானா, நீயா?

இவ்வளவும் அவன் போன பிறகுதான் வாயில் வந்தது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

ராசு என் சம்சாரம் செல்லம்மாவின் தம்பி. எனக்கு மாப்ள முறை. முறை இருப்பதால்தான் இந்தப் பேச்சு பேசுகிறான்.

விஷயம் இதுதான். பேத்தி தர்ஷினிக்குப் பரிசம் போட்ட அன்று, “முகூர்த்தப் பட்டு மெட்ராஸ்லருந்து நானே போயி எடுத்தாருவேன்” என்று சபையில் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் கேட்டுக்கொண்டு இருந்தார்கள். இரண்டாவது தேத்தண்ணி குடிக்கும்போது தானாக வந்த வார்த்தை. திரும்ப விழுங்க முடியாது.

கொழும்பில் இருக்கும் மகன் போனில்: “அம்மா கூட வந்தாத்தான் டிக்கட் போடுவேன். ஒங்கள தனியா விட்டா எவன்கிட்டயாவது வாயக் குடுத்து ஒத வாங்குவீங்க.” அப்பன் மேல் அவ்வளவு நம்பிக்கை.

செல்லம்மாவோ (இனி செ.): “என்னால படி ஏற முடியாது. குந்தி உக்கார முடியாது. அதுக்குத் தோதா எடம் பாத்துட்டு வந்து பேசுங்க.” முட்டி வலி.

இதைக் கேட்டுத்தான் ராசு இன்று மீசையை முறுக்கினான். “எங்கக்கா மெட்ராசுக்கு பிளேன் டிக்கட் போடச் சொன்னா, அன்னைக்கே இந்த மீசைய எடுத்துர்றேன் மச்சான்.”

காலையில் எண்ணெய், மாலையில் சீப்பு. பிள்ளையைப் போல வளர்க்கிற மீசை.

ஆடு இரை எடுக்கவில்லை. வேப்பெண்ணெய் வாங்க வேண்டும்.

மார்ச் 5, புதன்

வெயில். நோர்வூட் போனேன். பாண் ரொட்டி, வேப்பெண்ணெய், பிறகு மன்சூர் நானா கடை.

நானா துணி எடுக்க அடிக்கடி மெட்ராஸ் போகிறவர். தான் தங்கும் லாட்ஜின் நம்பரைப் போட்டு, எனக்குக் காது மந்தம் என்று சத்தத்தையும் கூட்டி வைத்தார். கடை நிறைய ஆள். ராசுவும் எங்கிருந்தோ வந்து நின்றான், வேவு பார்க்க.

நான்: “ரெண்டு பேருக்கு ஒரு காம்பரா வேணுங்க.”

லாட்ஜ்காரர்: “கேமராவா? இருக்கு சார். வாசல்ல ஒண்ணு, மாடிக்கு மாடி ஒண்ணு.”

“மாடி வேணாங்க. பொஞ்சாதிக்கு முட்டிக்கால் வலி. கீழ உள்ள காம்பராவே போதும்.”

“கீழயும் ஓடுது சார். ராத்திரி பகலா ஓடும்.”

காம்பரா எப்படி ஓடும்? மெட்ராசில் ஓடும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

“ஓடினா ஓடட்டுங்க. கக்கூசோட சேந்த காம்பராவா இருக்கணும். கதிர மாதிரி உக்கார்ற கக்கூசு. அவளுக்கு அதுதான் முக்கியம்.”

“யோவ்! பாத்ரூம்ல எவன்யா கேமரா வைப்பான்? இது கௌரவமான லாட்ஜ்!”

வைத்துவிட்டார்.

நானா மேசையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். “ஐயா, அங்க ரூம்னு சொல்லோணும். காம்பரான்னா அவங்களுக்கு வெளங்காது.” நாங்கள் பிறந்தது காம்பராவில், படுப்பது காம்பராவில். எனக்கு எப்படித் தெரியும், கடல் தாண்டினால் அது படம் பிடிக்கும் என்று?

ராசு சிரிக்கவே இல்லை. தன் பாண் ரொட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடினான். நான் பஸ் ஏறி வீடு வருவதற்குள் லயம் முழுக்கக் கதை.

மார்ச் 6, வியாழன்

தண்ணி பிடிக்கிற பீலிப் பக்கம் போனால், “தாத்தா, ஒரு போட்டோ!” என்கிறார்கள் கொழுந்து எடுக்கிற பெண்கள். தலை சீவி, நிமிர்ந்து நின்று காட்டினேன். விடுவேனா.

ஆனால் செ. சிரிக்கவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “ஒங்களுக்கு வெளையாட்டு. அங்க பட்டுக் கடையில நான் வாயத் தொறந்து, நாலு பேரு சிரிச்சா, நான் எங்கங்க மூஞ்ச வைப்பேன்? நான் வரல. ஹட்டன்லயே எடுங்க.”

இது முட்டி வலி இல்லை. முட்டிக்குத் தைலம் இருக்கிறது. இதற்கு என்ன தேய்ப்பது?

சோறு இறங்கவில்லை. ஆடு தின்றது.

மார்ச் 8, சனி

சாரல். தர்ஷினி எனக்கு வகுப்பு எடுத்தாள்.

“தாத்தா, ரூம்.”

“ரூம்.”

“மெட்ராஸ் இல்ல, சென்னை.”

“அந்த ஊருக்கே பேரு மாறிருச்சு, யாரும் சிரிக்கல. நான் ஒரு காம்பரா கேட்டதுக்கு இவ்வளவு சிரிப்பா?”

அவள் போனிலேயே, சத்தத்தைக் கூட்டி வைத்து, லாட்ஜுக்கு மறுபடி எடுத்தோம். செ. வேண்டுமென்றே முதுகைக் காட்டிக்கொண்டு அரிசி புடைத்தாள். இந்தத் தடவை ஒரு பெண் குரல்.

மனதுக்குள் ரூம், ரூம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வாயைத் திறந்தேன். “அம்மா, ஒரு காம்பரா...”

தர்ஷினி தலையில் கை வைத்தாள். அந்தப் பெண் கேட்டாள்: “ஐயா, நீங்க எந்தத் தோட்டம்?”

மெட்ராசில் இருந்து இந்தக் கேள்வி. எனக்கே!

“எங்கம்மா அங்க நோட்டன் பிரிட்ஜ் பக்கத் தோட்டத்துல பொறந்ததுங்க. சின்னதுலயே கப்பல் ஏத்தி இங்க கூட்டியாந்துட்டாங்க. இன்னும் வீட்டுல காம்பரான்னுதான் சொல்லும். எங்க மேனேஜர் அன்னைலேருந்து ஒங்க கதையச் சொல்லிச் சிரிச்சிட்டு இருக்காரு. எனக்குக் கேட்டதுமே புரிஞ்சிருச்சு. திரும்ப எடுப்பீங்களான்னு பாத்துட்டே இருந்தேன். கீழ, ஓரத்துல ஒரு காம்பரா இருக்கு. கதிர மாதிரி கக்கூசு. அது ஒங்களுக்குத்தான். பாட்டிகிட்ட குடுங்க.”

முறம் நின்றுவிட்டது. செ. போனை இரண்டு கையாலும் வாங்கினாள். முதல் கேள்வியே: “ஏம்மா, ஒங்கம்மா பேச்சக் கேட்டு அங்க சிரிச்சாங்களா?”

“சிரிச்சாங்க பாட்டி. அம்மா திருப்பிச் சிரிச்சிரும். இப்ப எங்க தெருவுல நாலு வீட்டுல காம்பரான்னுதான் சொல்றாங்க.”

செ. சிரித்தாள். வாயை மூடாமல் சிரித்தாள். பிறகு முட்டி, மழை, பட்டுக் கடை, அந்த அம்மாவின் சர்க்கரை வியாதி, எல்லாம் பேசினாள். நான் நடுவில் இரண்டு தடவை இருமிப் பார்த்தேன். மதிக்கவில்லை.

வைத்துவிட்டு என்னிடம்: “மகனுக்கு எடுத்து டிக்கட்டப் போடச் சொல்லுங்க. என்ன பாக்குறீங்க?”

என்ன பார்ப்பேன்? ராசுவின் மீசையைத்தான் மனதில் பார்த்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

நல்ல மழை. டிக்கட் போட்டாச்சு. கொழும்புக்கு பஸ்ஸில் பாதி நாள், மெட்ராசுக்கு பிளேனில் ஒரு மணித்தியாலம் சொச்சமாம். அப்படியானால் எது தூரம்?

கொண்டு போக: முட்டித் தைலம். அந்த அம்மாவுக்குத் தேயிலைத் தூள், நல்ல தூள். மாசிக் கருவாட்டுத் தூள். செ.க்குக் கம்பளிச் சட்டை. அங்கே வேர்த்து ஊற்றும் என்றேன், கேட்கவில்லை.

நாலு மணிக்கு ராசு வந்தான். குடையை மடித்து மூலையில் வைத்தான். ஒன்றும் தெரியாதவன் மாதிரி, “என்ன மச்சான், போட்டோ எடுத்தாச்சா?” என்றான்.

செ. தேத்தண்ணியை அவன் முன்னால் வைத்தாள். “டிக்கட்டு போட்டாச்சுடா தம்பி. குடி. மீசையில படாம குடி. இன்னைக்கு ஒரு நாள்தான.”

ராசு என்னைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். கை தானாக மேல் உதட்டுக்குப் போனது.

சவரக் கத்தி, சவர்க்காரம், கண்ணாடி, எல்லாம் காலையிலேயே எடுத்து வைத்திருந்தேன். பலகையைத் தட்டிப் போட்டேன். “வா மாப்ள, உக்காரு. மெட்ராஸ்ல ஒரு புள்ள என்னா கேட்டுச்சு தெரியுமா? மொதல்லருந்து சொல்றேன் கேளு. நான் ஒரு காம்பரான்னு சொன்னேனா, அந்தப் புள்ள ஒடனே...”

குடையைக்கூட எடுக்காமல் போகிறான். கொட்டுகிற மழையில், மீசையைப் பொத்திக்கொண்டு. மாப்ள, இன்னும் முடியலடா! அந்தப் புள்ள கேட்டுச்சு, ஐயா நீங்க எந்தத் தோட்டம்னு...