வெயிலுக்குக் கொடுத்த சாயம்

காத்தான்குடி,
14.09.2025, ஞாயிற்றுக்கிழமை
(ஹிஜ்ரி 1447, றபீஉனில் அவ்வல் பிறை 21)

அன்பு மகள் நிஸ்றாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பாவும் உம்மாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகமே; கொரியாவில் குளிர் தொடங்கவிருக்கும் இந்நாட்களில் நீயும் சுகமாயிருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டு வருகிறோம். உன் குரற்செய்திகள் கிடைத்தன. அவற்றில் “போன கிழமை” என்கிறாய், எந்தக் கிழமை என்பதில்லை. தபாற்கந்தோரில் ஆயுளைக் கழித்தவனுக்குத் திகதியில்லாத செய்தி செய்தியே அல்ல. ஆகவே இங்கு நடந்ததை நான் ஒழுங்காக எழுதுகிறேன். உன் ஆய்வுக்கும் அது உதவும்.

உன் மாமா மர்சூக்கின் சாயப்பட்டறைக்கு ஜூலை 14, திங்களன்று சுற்றாடல் அதிகாரிகளின் அறிவித்தல் வந்ததும், செப்டம்பர் 11க்குள், வாவிக்கு விடும் கழிவுநீரைச் சுத்திகரிக்க வழி செய்யாவிடில் பட்டறையைப் பூட்டவேண்டும் என்று அதில் இருந்ததும் நீ அறிந்ததே. பூட்டினால் அது அவரோடு நிற்காது. அங்கு சாயமேறும் நூலை நம்பி ஓடுகின்ற நம் தெருத் தறிகளும், நம் மூத்தவள், உன் ராத்தா ஷஸ்னாவின் தறி உட்பட, நின்றுவிடும். எனினும் அந்த அறிவித்தல் அநியாயமென்று நான் சொல்லமாட்டேன். வாவியில் வலை வீசும் ஜெயராஜா என்னைக் கண்டால் விடுவதில்லை. “போஸ்மாஸ்டர், உங்கட கரையில புடிக்கிற இறால் அவிக்காமலே சிவந்து கிடக்கு, விறகு மிச்சம்” என்பார். அவர் சிரித்துக்கொண்டுதான் சொல்வார், எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

நீ அனுப்பிய, நனோத் துணிக்கை பூசிய கண்ணாடித் தகடுகள் ஓகஸ்ட் 2ஆம் திகதி உடையாமல் வந்தன. பொதி கட்டிய முறை திருப்தி, ஆனால் ஒட்டுநாடா இன்னுமொரு சுற்று வேண்டும். நீ சொன்னபடி ஆழமில்லாத தொட்டிகளின் அடியில் அவற்றைப் பதித்து, 6ஆம் திகதி புதனன்று சிவப்புச் சாயநீரை நிரப்பினோம். வெயில் பட்டால்தான் அந்தப் பூச்சு வேலை செய்யும், சாயத்தைத் துண்டு துண்டாக உடைக்கும், தான் மட்டும் தீர்ந்துபோகாது என்று நீ எழுதியதை மர்சூக்குக்கு இருமுறை வாசித்துக் காட்டினேன். தலையாட்டினார். ஒரு கிழமையாகியும் தண்ணீர் மாதுளைச் சாறாகவே கிடந்தது. உம்மா, “புள்ள ராப்பகலாப் படிச்சது நம்மட ஊருக்கு ஒத்துவரல்லயாக்கும்” என்று கலங்கினாள். உன் கணக்கில் எனக்கு ஐயமிருக்கவில்லை. ஐயமெல்லாம் எங்கள் கைகளைப் பற்றியே. வழமையாகப் பிற்பகல் அஸர் தொழுதபின் பட்டறைக்குப் போகும் நான், 13ஆம் திகதி நண்பகல் லுஹருக்கு முன்பே சொல்லாமல் போனேன். மர்சூக் தொட்டிகளின்மேல் தென்னங்கிடுகு பரப்பிக்கொண்டிருந்தார்! என்ன இது என்று கேட்டால், “உச்சி வெயில் மச்சான், சாயம் வெளுத்திரும்” என்கிறார். “வெளுக்கத்தானேடா வெச்சிரிக்கு!” என்று நான் கத்தியது பள்ளிவாசல்வரை கேட்டதாம். சாயநூலை நிழலிலேயே உலர்த்திப் பழகிய மனிதர். வெயில் ஏறியதும் கிடுகை எடுத்து மூடுவதும், வெயில் தாழ்ந்ததும், நான் போவதற்கு முன்பே, அடுக்கி வைப்பதும் அவருக்கு மூச்சு விடுவது போல. பிடித்த கிடுகைக் கீழே போட்டுவிட்டுத் தானும் சிரித்தார்.

மறுநாள் அஸருக்குள் அந்தச் சிவப்பு இளஞ்சிவப்பாயிற்று. அதற்கு மறுநாள் தொட்டியின் அடி தெரிந்தது. மர்சூக் உடனே வாவிக்குத் திறந்துவிடப் பார்த்தார், நான் தடுத்தேன். நிறம் போனால் அழுக்கும் போயிற்று என்று எண்ணவேண்டாம் என நீ அழுத்திச் சொல்லியிருந்தாயல்லவா? மாதிரியை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினோம். ஓகஸ்ட் 22 வந்த முடிவு உன் பக்கமே நின்றது: கண்ணுக்குத் தெளிவு, உடைந்த துண்டுகளோ இன்னும் உள்ளே. மேலும் இரண்டு பகல் வெயிலில் விட்டு எடுத்த மாதிரி செப்டம்பர் 3ஆம் திகதி முடிவில் உரிய அளவுக்குள் வந்தது. 11ஆம் திகதி வந்த அதிகாரிகள் அதைப் பார்த்து, தாங்களும் ஒரு போத்தல் நிரப்பிக்கொண்டார்கள். பட்டறை திறந்திருக்கலாம், ஆனால் தெளியாத நீர் ஒரு வாளியேனும் வாவிக்குப் போகலாகாது என்பது நிபந்தனை.

மாரி வந்தால் என்ன செய்வீர்கள் என்று அவர்களில் ஒருவர் கேட்டார். மகளிடம் கேட்டு அறிவிப்பதாக நான் சொல்லத் தொடங்க, மர்சூக் முந்திக்கொண்டு, “வெயில் இல்லாத நாள் சாயப்பானை அடுப்பேறாது சேர். மாரிக்கு வெள்ளை நூல்ல சாறன் நெய்வம்” என்றார். இதைக் கேட்ட ஷஸ்னா, “கபன் துணியா மாமா நெய்யிற?” என்று, இறந்தவரைப் பொதியும் வெள்ளையை நினைத்து முகத்தைச் சுளித்தாள். சாறனின் கரைக்கு வேண்டிய நூலுக்கு மட்டும் ஒக்டோபர் வெயிலிலேயே சாயமேற்றி வைப்பதென்று அவளைச் சமாதானப்படுத்தியிருக்கிறோம். வாக்குக் கொடுப்பது இலேசு, ஓடருக்காரர் வாசலில் நிற்கும்போது காப்பது வேறு என்றுதான் நான் எண்ணியிருந்தேன். இன்று காலை வானம் மூடியிருந்தது. மட்டக்களப்பிலிருந்து ஓடருக்காரர் வந்து அவசரப்படுத்தினார். மர்சூக் அவரை முற்றத்துக்கு அழைத்துப்போய் வானத்தைக் காட்டி, தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார். அடுப்பு மூட்டவில்லை.

மேகமூட்டத்தில் தகடுகள் எவ்வளவு தாமதமாக வேலை செய்யும் என்பதை இம்மாதம் 30க்குள் எழுது. ஆய்வுகூடத்தில் அந்தத் தூளைத் தொடும்போது முகக்கவசத்தை மறவாதே. நுண்ணிய பொருள் நுரையீரலுக்கு ஆகாதென்று நீயே சொன்னாய். அல்லாஹ் உன் அறிவிலும் ஆயுளிலும் பரக்கத் செய்வானாக. உம்மாவின் முத்தமும் துஆவும்.

உன் உழைப்பில் மனநிறைவு கொண்ட வாப்பா,
எம். மீராசாஹிப்