கணக்குப் பாடத்துக்கு வெற்றிடம் இல்லை

786

சவளக்கடை
14.09.1982

அன்புள்ள காக்கா முத்தலிப் அறிய, தங்கச்சி எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவுக்கு மூச்சிழுப்புக் குறைந்திருக்கிறது. என் சீதனத்துக்காக நீங்கள் கட்டும் வீட்டின் சுவர் யன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டது. கடிதத்தை இத்தோடு முடிக்கும்படிதான் உம்மாவின் சொல். இனி எழுதப்போவது அவருக்குத் தெரியாது.

நீங்கள் சம்பளமற்ற லீவில் சவூதிக்குப் போனதிலிருந்து இங்கே பத்தாம் வகுப்புக்குக் கணக்குப் படிப்பிக்க ஆளில்லை. தொண்டர் ஆசிரியையாகத் தமிழ் படிப்பிக்கும் நான்தான் அந்தப் பாடத்துக்கும் போய் நிற்கிறேன். கணக்கில் நான் எப்படிப் பாஸானேன் என்று உங்களுக்குத் தெரியும். போன மாதம் கச்சிமுகம்மது காக்காவின் மகள் சரீபா ஒரு கணக்கைச் செய்து கொண்டுவந்தாள். எனக்கு விளங்கவில்லை. பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சரி போட்டுவிட்டேன்.

அந்தக் கொப்பியோடுதான் கல்முனைக் கல்விக் கந்தோருக்குப் போனேன். கிளாக்கர் பைலைப் புரட்டிவிட்டு, "கணக்குக்கு உங்கட ஸ்கூல்ல ஆள் இருக்காரே தங்கச்சி, வெற்றிடம் இல்ல" என்றார். ஆள் சவூதியில் தம்மாமில் இருக்கிறார், பெயர் பைலில் இருக்கிறது. எழுபத்தெட்டுப் புயலில் விழுந்த பள்ளிக்கூடக் கட்டடத்துக்குப் பதிலாகப் புதுக் கட்டடம் தந்தார்கள், நாடா வெட்டினார்கள், போட்டோ பிடித்தார்கள். உள்ளே நிற்க ஒரு மனிதனைத் தர மட்டும் சட்டத்தில் இடமில்லையாம்.

பைலில் ஒரு மனுவும் இருந்தது. நீங்கள் திரும்பி வரும்வரை உங்கள் இடத்தில் வேறு யாரையும் போடக்கூடாது என்று ஊரார் கொடுத்த மனு. நூற்று நாற்பத்து மூன்று கையொப்பமும் பெருவிரல் அடையாளமும். பின்னேர பஸ்ஸில் ஓடிவிடாமல் ஊரிலேயே தங்கிப் படிப்பித்த ஒரே ஆசிரியருக்கு ஊர் செய்த நன்றி அது. எழுத்து என்னுடையது. முதல் கையொப்பமும் என்னுடையது.

அங்கே பாண்டிருப்பைச் சேர்ந்த கனகரெத்தினம் என்பவர் புது நியமனத்துக்காகக் காத்திருந்தார். கணக்கு ஆசிரியர். கொப்பியைக் காட்டினேன். இரண்டாவது வரியிலேயே பிழை என்றார். வெற்றிடம் இருந்தால் சவளக்கடைக்கு வரத் தயார் என்றும் சொன்னார். ஒக்டோபர் முடிவதற்குள் வெற்றிடம் காட்டாவிட்டால், ஏற்கெனவே நான்கு கணக்கு ஆசிரியர்கள் உள்ள ஒரு பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்குத்தான் அவரை அனுப்புவார்களாம். பரீட்சைக்கு இன்னும் பன்னிரண்டு கிழமைதான்.

மனுவைத் திருப்பி எடுப்போம் என்று கச்சிமுகம்மது காக்காவிடம் போய்க் கேட்டேன். தன் மகளின் பரீட்சை என்று தெரிந்தும் அவர் மறுத்துவிட்டார். "முத்தலிப் சேருக்கு நல்லதெண்டுதானே புள்ள கைவெச்ச நாங்க. அவர்ர சோத்துல மண் போடச் சொல்றியா?" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் சண்டை பிடித்திருப்பேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

ஆகவே இனி நீங்கள்தான். இராஜினாமாக் கடிதத்தை நானே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். கையொப்பமும் திகதியும் மட்டும் வேண்டும். கிடைத்த அன்றே விமானத் தபாலில் போட்டால்தான் நேரத்துக்கு வந்து சேரும்.

காக்கா அரசாங்க ஆசிரியர், திரும்பி வந்து பொறுப்பாக நிற்பார் என்றுதான் மாப்பிள்ளை வீட்டார் அரைவீட்டைப் பார்த்தும் பேசாமல் இருக்கிறார்கள். விசயம் தெரிந்தால் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. யோசித்துத்தான் எழுதுகிறேன். சுவர் நின்ற இடத்தில் நிற்கட்டும்.

பதிலை வீட்டுக்கு அனுப்பாதீர்கள், பள்ளிக்கூட முகவரிக்கு அனுப்புங்கள். சரீபாவின் கொப்பியில் நான் போட்ட சரி இன்னும் அப்படியே கிடக்கிறது. அதை வெட்டினால் அடுத்த வரியை நான்தான் எழுதிக் காட்ட வேண்டும். எனக்குத் தெரியாது காக்கா.

கையொப்பமிடும் உங்கள் கைக்கு அல்லாஹ் பறக்கத் தரட்டும்.

உங்கள் தங்கச்சி
றாஹிலா