பெயர் வெளியிட வேண்டாம்

ஆகஸ்ட் 5, திங்கள்

தீபாவளி சீசன் ஆர்டர் குவிகிறது. பில் போட்டுப் போட்டு விரல் மரத்துப் போனது. எங்கள் பட்டாசுக் கம்பெனியின் எம். புதுப்பட்டி ஷெட் வெடித்து இரண்டு வாரம் இருக்கும். ஆபீசில் அதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. மேனேஜர் மணிகண்டராஜ் மட்டும் வருகிறவர்களிடமெல்லாம் ஒரே பாட்டைப் பாடுகிறார்: “சட்டப்படி நாலு பேர் ரூமுல நாலு பேர்தான் இருந்தாக. மத்தவுக வெளிய நின்னவுக. விதி, என்ன செய்ய?”

நாலு பேரா? அன்று காலை அந்த ஷெட்டுக்கு ஒன்பது டீ சொல்லி அனுப்பியது நான்தான். வாங்க வந்தவர் கோட்டைச்சாமி அண்ணன். “ஆர்த்தி, எனக்கு மட்டும் சீனி கூடப் போடச் சொல்லு தாயி” என்று சிரித்துவிட்டுப் போனார். அரைமணி நேரத்தில் ஆளே இல்லை.

என் வீட்டுக்காரரும் இதே கம்பெனியில்தான் லோடு வண்டி ஓட்டுகிறார். இரண்டு பேர் சோறும் ஒரே பானையில். வாயை மூடிக்கொண்டு பில் போடு ஆர்த்தி.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

சாத்தூரில் முகம்மது இஸ்மாயில் பாய் நடத்தும் டிரஸ்ட், தீக்காயம் பட்டவர்களின் ஆஸ்பத்திரிச் செலவைப் பார்க்கிறது. மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் வைஃபையிலேயே அவர்கள் வெப்சைட்டில் கொஞ்சம் பணம் அனுப்பினேன். ‘பெயர் வெளியிட வேண்டாம்’ என்ற கட்டத்தில் டிக் போட்டேன். அதற்குக் கீழே ‘யார் நினைவாக’ என்று ஒரு கட்டம். பெயரை மட்டும் எழுதி நிறுத்தியிருக்கலாம். கை கேட்கவில்லை.

“கோட்டைச்சாமி அண்ணன் நினைவாக. அந்த அறையில் ஒன்பது பேர் இருந்தார்கள். எனக்குத் தெரியும்.”

அனுப்பியதும் நெஞ்சு லேசானது. சாயங்காலம் நன்றாகச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

ஆபீஸ் கேமராவையும் வைஃபையையும் பார்த்துக்கொள்ளும் விக்னேஷ்குமார் இன்று என் மேசைப் பக்கம் வந்தான். குரலைத் தாழ்த்தி, “யக்கா, ஆபீஸ் வைஃபையில பாத்துப் போங்க. யார் யார் என்ன பாக்காகன்னு எடுத்துத் தரச் சொல்லியிருக்காரு மேனேஜர்” என்றான்.

“என்ன எழுதுறோம்னுமா தெரியும்?”

“பூட்டுப் படம் இருக்கிற பக்கம்னா தெரியாது. பூட்டு இல்லைன்னா எழுதுனது அம்புட்டும் அப்படியே தெரியும்க்கா. கார்டுல எழுதிப் போஸ்ட் பண்ண மாதிரி.”

பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். மேலே பூட்டு இல்லை. ‘பாதுகாப்பானது அல்ல’ என்று இருந்தது. அன்றைக்கும் அப்படித்தானே இருந்திருக்கும்? என் கண் எங்கே போயிருந்தது?

ஆகஸ்ட் 9, வெள்ளி

பஸ் ஸ்டாண்டில் நின்று இஸ்மாயில் பாய்க்குப் போன் போட்டேன். பெயரைச் சொல்லவில்லை. உங்கள் பக்கத்துக்குப் பூட்டு வேண்டும் என்றேன்.

“பணம் போறது பேங்க் பக்கத்துலம்மா. அங்கன பூட்டு இருக்கு. எங்க பக்கத்துல என்ன கெடக்கு? பேரும் ஊரும்தானே, அதை எவன் திருடப் போறான்?”

எழுதியதை மற்றவர்கள் படிக்க முடியும் என்றேன்.

“நீ இந்தப் பக்கத்துப் புள்ளதானே? வெடிமருந்து ரூமுக்குப் பூட்டுப் போடலாமா? என் தம்பி அப்படிப் பூட்டுன கதவுக்குப் பின்னாலதான் போனான். பூட்டுங்கிற பேச்சே எனக்கு ஆகாது தாயி. நம்ம பக்கம் திறந்தே கெடக்கட்டும்.”

வேலை நடக்கிற அறையில் தாழ்ப்பாள்கூடப் போடக் கூடாது என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அவர் சொல்வது நியாயம்தான். ஆனால் எரிவது நானல்லவா?

ஆகஸ்ட் 10, சனி

மேனேஜர் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஏன் சிரித்தார்?

ஆகஸ்ட் 12, திங்கள்

ஐயோ. என்னை இல்லை. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

என் போன் அவருடைய பழைய போன். வைஃபையில் அது இன்னமும் ‘முனியராஜ்’ என்ற அவர் பெயரில்தான் இருக்கிறதாம். இது எனக்கு எப்படித் தெரியும்! கண்ணாடி அறைக்குள் அவர் கையைக் கட்டி நிற்பதைப் பார்த்துக்கொண்டே பில் போட்டேன். எழுந்து போய் நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். கால் வரல. சத்தியமா கால் வரல.

அவர் வெளியே வந்து, என் பக்கம் திரும்பாமல், வண்டிச் சாவியை செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

வீட்டில் அழுதேன். “உங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே, ஏன் ஒத்துக்கிட்டீக?”

“மேனேஜர் வாசிச்சுக் காட்டுனாரு. கடைசில ‘எனக்குத் தெரியும்’னு இருந்துச்சு. வீட்டுல எதைச் சொன்னாலும் அந்த ஒரு சொல்லைத்தானே பதிலாச் சொல்லுத? யாருன்னு எனக்குத் தெரியாதா?” என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “இந்த வட்டாரத்துல எந்தக் கம்பெனியிலயும் இனி ஸ்டியரிங் தொட முடியாதுன்னுட்டாரு. நீ வேலைக்குப் போ. நின்னுட்டா சந்தேகம் வரும்.”

ஆகஸ்ட் 13, செவ்வாய்

போனேன். “உனக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைன்னு தெரியும்மா” என்றார் மேனேஜர். தலையாட்டினேன். சீ.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

சாத்தூரில் இஸ்மாயில் பாய் வைத்திருக்கும் பேப்பர் கடைக்கு நேரிலேயே போய்விட்டேன். பெயரைச் சொன்னேன். நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் செத்துப்போனது. ஆனாலும் “பூட்டு...” என்று இழுத்தார்.

உள்ளே இருந்து அவர் வீட்டம்மா பீவி ஜான் வந்தார். “ஏங்க, நோன்புல இல்லாதவுகளுக்கு ஜகாத் குடுக்கையில வாசக்கதவைச் சாத்திட்டுத்தானே குடுக்கீக? என்னத்துக்கு?”

“வாங்குறவுக மொகம் தெருவுக்குத் தெரியப்பிடாதுன்னு.”

“அது குடுக்கிற ரூமு. உங்க தம்பி இருந்தது வேலை செய்யிற ரூமு. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பிட்டு, இந்தப் புள்ள வயித்துல அடிச்சிட்டீக.”

பாய் உடனே, வெப்சைட்டைச் செய்து கொடுத்த மருமகன் ரய்யானுக்குப் போன் போட்டார். பக்கத்துக்குப் பூட்டுப் போடக் காசே கிடையாதாம். ஒரு மதியத்து வேலையாம். அதைக் கேட்டதும் எனக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது. காசில்லாத ஒன்றுக்காகவா என் புருஷன் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தார்?

ஆகஸ்ட் 22, வியாழன்

வீட்டுக்காரருக்கு வெம்பக்கோட்டையில் பால் வண்டி கிடைத்திருக்கிறது. சம்பளம் பாதி. “வெடிக்காத லோடு” என்கிறார். எனக்கோ தெருவில் பைக் சத்தம் கேட்டாலே உடம்பு தூக்கிப்போடுகிறது.

செப்டம்பர் 3, செவ்வாய்

காலையில் மேனேஜர் விக்னேஷிடம் கத்தியது வெளியே கேட்டது. அந்த டிரஸ்ட் பக்கத்துக்கு யாரோ போகிறார்கள் என்று தெரிகிறதாம், என்ன எழுதுகிறார்கள் என்று தெரியவில்லையாம். “இப்பப் பூட்டிட்டாக சார், ஒண்ணும் பண்ண முடியாது” என்றான் விக்னேஷ்.

மதியம் பக்கத்து மேசை அழகுமீனா என் பக்கம் சாய்ந்தாள். அவள் அண்ணன் அன்று அந்த ஷெட்டில் இருந்தவன். இன்னும் ஆஸ்பத்திரியில்தான் கிடக்கிறான். இவ்வளவு நாளாக அவள் அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை.

“யக்கா, அந்த டிரஸ்ட் பக்கத்துல எழுதுனா யாருக்கும் தெரியாதாமே?”

“யார் சொன்னா?”

“சும்மாதான் கேட்டேன்.” போனை மேசைக்குக் கீழே மறைத்துக்கொண்டாள்.

“மேல பூட்டு இருக்கான்னு பாத்துக்கோ. வைஃபைய அமத்திரு” என்றேன்.

கண்ணாடி அறையிலிருந்து மேனேஜர் எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலியை இழுத்து, அவருக்கும் அவளுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தேன். அவள் எழுதி முடிக்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.