நான்காம் கட்டத்து முகம்

அன்பு மகனுக்கு,

அப்பா நலம். முட்டி வலி குறைந்து கடைவரை நடக்கிறார். என் நலத்தைப் போகப் போக எழுதுகிறேன், இப்போதே எழுதினால் ஒன்றும் இல்லாததற்குக் கவலைப்படுவாய். நீ வேளைக்குச் சாப்பிட்டு, கழுத்து வலிக்கு அந்த மருத்துவர் சொன்ன பயிற்சியைச் செய்துகொண்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் ஆரம்பித்தாலே, சரிம்மா விடும்மா என்று நீ முடித்துவிடுவாய். இது நீ நடுவில் முடிக்க முடியாத விஷயம்.

இரண்டு மாதமாக ஞாயிறுதோறும் நூலக மாடியில் ஒரு பயிற்சிக்குப் போய்வருகிறேன். ஒரே தாளை எட்டாக மடித்து, நடுவில் ஒரு கீறல் கீறி, சின்னப் புத்தகமாக்கி, அதில் அவரவர் கதையைப் படமாக வரைவது. அவர்கள் அதை ஸீன் என்கிறார்கள், சினிமா ஸீன் இல்லை, மேகஸீன் என்பதன் வால். சொல்லித்தருகிற பெண் பகலில் பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள், கழுத்தில் கத்தரிக்கோலைத் தொங்கவிட்டுக்கொண்டே இருப்பதால் எல்லோருக்கும் அவள் கத்தரி. பேருந்து ஓட்டுநர் ஒருவர், தையல்காரம்மா ஒருவர், பல்கலைக்கழகப் பிள்ளைகள் நாலு பேர், அங்கேயும் எல்லோருக்கும் டீச்சராகிவிட்ட நான். ஓட்டுநர் ஆறு வாரமாகத் தன் பேருந்தில் பயணிகளைப் பார்க்கும் கண்ணாடியை மட்டும் வரைந்துகொண்டிருக்கிறார், ஏன் என்று கேட்டால் முகம் எல்லாம் பின்னாடிதான் வரும் டீச்சர், அவசரப்படாதீங்க என்கிறார்.

என் கதைக்கு நான் எதை எடுத்தேன் என்று இந்நேரம் ஊகித்திருப்பாய். எட்டாம் வகுப்பில் உன் கணக்கு நோட்டுக்குள் இருந்த படநோட்டு. வகுப்பாசிரியையாக நான் அதைப் பிடுங்கி எல்லார் முன்னாலும் கிழித்த நாள். எட்டுக் கட்டம் போட்டேன். முதலில் மேசைக்கு அடியில் நீ வரைகிறாய், நாலாவதில் நான் கோப முகத்தோடு கிழிக்கிறேன், ஐந்திலிருந்து நீ துண்டுகளைப் பொறுக்குவது, வருஷங்கள் போவது, எட்டாவதில் கண்ணாடிச் சங்கிலியோடு நான் நின்று, அன்று கிழித்தது தவறு என்று சொல்வது. முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதிய கை, மேலே ஒன்று முதல் நாலு, கீழே ஐந்து முதல் எட்டு என்று வரிசையாகப் போட்டுவிட்டது. முதலில் வெறுந்தாளை மடித்து எண் போட்டுப் பாருங்கள் என்று கத்தரி எல்லோருக்கும் சொன்னாள், எனக்கு எதற்கு என்று இருந்துவிட்டேன். முப்பது நகல் எடுத்து மடித்த பிறகுதான் தெரிந்தது, மேல் வரிசை நாலும் தலைகீழாகப் பின்னிருந்து முன்னாக வருகிறது, கடைசிக் கட்டம் அட்டைப்படமாக வந்து உட்கார்ந்திருக்கிறது. பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் கீழே வாசித்துக்கொண்டிருந்தவர்கள் மேலே எட்டிப் பார்த்தார்கள்.

அங்கே ஒரு வழக்கம், செய்த புத்தகத்தில் பெயர் போடாமல் ஊருக்குள் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும், யார் கையிலாவது கிடைக்கட்டும் என்று. தப்பா வந்ததுகூட வெளிய போகணும் டீச்சர் என்று கத்தரி கறாராகச் சொல்லிவிட்டாள். தலைகீழ்ப் படம் யாருக்குப் புரியப்போகிறது என்று நானும் பேருந்து நிறுத்தம், முடிதிருத்தும் கடை, மருந்துக்கடை என்று வைத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது, எது புரியாவிட்டாலும், நான் நின்று தவறு என்று சொல்கிற அட்டை புரியுமே. அன்றிலிருந்து ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. பால் பொங்கிப் போகிறது, கதவைப் பூட்டினேனா என்று திரும்பி வந்து பார்க்கிறேன். போய்ப் போய்த் தேடி பத்தொன்பது எடுத்துவிட்டேன். எல்லாரும் பொருளைத் தொலைச்சிட்டுத் தேடுவாங்க, நீ வேணும்னே வச்சிட்டுத் தேடுற என்று அப்பா சிரிக்கிறார்.

மருந்துக்கடையில் வைத்ததை எடுக்கப் போனால், கல்லாவுக்குப் பின்னால் நிற்பது குள்ளன், உன் பெஞ்சில் உட்கார்ந்தவன். இப்போது என்னைவிட ஒரு முழம் உயரம். வாங்க டீச்சர், உங்க கண்ணாடிச் சங்கிலிய எனக்குத் தெரியாதா என்று புத்தகத்தைத் தூக்கிக் காட்டினான். தாளைப் பிரித்து, திருப்பித் திருப்பி முழுதும் படித்திருக்கிறான். போட்டோ எடுத்து உனக்கு அனுப்பப் போகிறேன் என்றான். வேண்டாம்பா, நானே எழுதுகிறேன் என்று கெஞ்சினேன். பத்து நாள் டீச்சர், அதுக்கு மேல என் கை சும்மா இருக்காது என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, ஒண்ணு மட்டும் தப்பா போட்டிருக்கீங்க, அன்னைக்கு நீங்க கோபமா இல்ல, உங்க சங்கிலில எலி ஊஞ்சல் ஆடுற படத்தப் பார்த்து சிரிச்சீங்க, நாங்க எல்லாம் தப்பிச்சோம்னு கூடச் சிரிச்சோம், அப்புறம்தான் கிழிச்சீங்க என்றான்.

எலி நினைவிருக்கிறது. சிரித்தது நினைவில்லை. கோபத்தில் செய்தேன் என்றுதான் இத்தனை வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன், கோபத்தில் யாருக்கும் கை மீறும் அல்லவா. படம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்து, சிரித்து, வகுப்பு என்ன நினைக்குமோ என்று கிழித்திருந்தால் அது வேறு கணக்கு. ஒரு மாணவன் தெரியாமல் தப்பாகப் போடுவதற்கும், போட்ட விடை சரி என்று தெரிந்தே அடித்துவிடுவதற்கும் உள்ள வித்தியாசம். அதற்குப் பிறகு நீ ஒரு கோடுகூட வரையவில்லை. போன முறை வந்தபோது அக்கா மகள் யானை போடச் சொல்லி பென்சிலை நீட்டினாள், மாமாவுக்கு வராது என்றாய். நான் அடுப்படியில் நின்று கேட்டேன்.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். இந்த முறை முதலில் மடித்து எண் போட்டுப் பார்த்துத்தான் வரைந்தேன், வரிசை சரியாக வரும். ஒன்று மட்டும் பழையபடியே விட்டேன், மன்னிப்பு அட்டையிலேயே இருக்கட்டும், நானாகப் போட்டிருந்தால் அது கடைசியில்தான் இருந்திருக்கும். அட்டையை விட்டு எண்ணினால், கிழிக்கிற நான்காம் கட்டத்தில் டீச்சருக்கு முகம் போடவில்லை. அன்று நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தவன் நீ. கோபமோ சிரிப்போ, எதுவாக இருந்ததோ அதை நீயே போட்டு அனுப்பு. சிரிப்பாக இருந்தாலும் எனக்காக மாற்றாதே.

உடம்பைப் பார்த்துக்கொள், குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீயும் உன் வீடும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். மறந்துவிடாதே, பேனாவால் வேண்டாம், தாள் மெல்லியது, பின்பக்கம் ஊறும். பென்சில் ஒன்று சீவி உறைக்குள் வைத்திருக்கிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா