பதினெட்டுப் பருவ மாணவன்

1923 ஏப்ரல் 11, உப்சாலா

ஸ்டாக்ஹோமிலிருந்து சினிமாக்காரர்கள் வந்து இறங்கியிருக்கிறார்கள். எங்கள் மாணவர் வாழ்க்கையைப் படமாக்கப் போகிறார்களாம். மாணவனாக நடிப்பவருக்கு வயது முப்பத்தேழு. தொப்பையை இறுக்கிக் கட்டத் தனி ஆள்.

ஏப்ரல் 13

வசந்தத்தை வரவேற்கும் மாணவர் வெள்ளைத் தொப்பியை ஏப்ரல் கடைசி நாள், பிற்பகல் மூன்று மணிக்குத்தான் தலையில் வைப்போம். அதற்கு முன் வைப்பதில்லை, உயிரே போனாலும் என்று நேற்று மாணவர் சங்கத்தில் தீர்மானம். இன்று இயக்குநர் நோர்லிங் தலைக்கு இரண்டு பியர் என்றார். பதினொரு மணிக்கே அறுபது தொப்பிகள்.

ஏப்ரல் 16

நோர்லிங் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க வயசு?"

"முப்பத்தொண்ணு."

"ஸ்டூடண்ட்னு சொன்னா யாரும் நம்பமாட்டாங்க. பதினெட்டு பருவமா, ஒன்பது வருஷமா, பரீட்சைக்குப் பயந்துக்கிட்டே இருக்கிற ஒருத்தன் கதையில வர்றான். சிரிப்புக்கு. செய்யுறீங்களா?"

என்னைப் பற்றி யார் சொன்னது இவருக்கு? எனக்கும் இது பதினெட்டாவது பருவம். லத்தீன் வாய்மொழித் தேர்வுக்கு நான்கு முறை நாள் குறித்தேன். நான்கு முறையும் காய்ச்சல். அதில் தேறாமல் எந்தப் பள்ளியிலும் வேலை கிடையாது. தேர்வு நடத்தும் பேராசிரியர் ஆல்ம்லோஃப் ஜூனில் ஓய்வு பெறுகிறார். அடுத்து வருபவன் என்னைவிட இளையவன். அவன் முன்னால் போய் உட்காரவா?

நடிக்க ஒப்புக்கொண்டேன். ஏன்?

ஏப்ரல் 19

எனக்கு ஒரு வால்கோட்டு மாட்டினார்கள். நிஜத் தேர்விலும் அதுதான் உடை. பேராசிரியராக வருபவர் பிளாட்மார்க் என்ற கோமாளி.

"பேசாப் படம்தானே, நான் மீனுக்கு எவ்வளவு உப்புன்னு வாயை அசைப்பேன். நீங்க முழிங்க, போதும்."

அவர் வாயை அசைத்தார். நான் லத்தீன் வினைச்சொற்களில் தொடங்கி, ரோமானிய உயில் சட்டம் வரை போய்விட்டேன்.

"யோவ், முழிக்கச் சொன்னா பாடம் நடத்துறீங்க," என்றார் நோர்லிங். "இது பாஸாகுற மூஞ்சி. எவன் சிரிப்பான்?"

ரசனை கெட்ட மனிதர். ஆனால் — பத்து நிமிடம். ஒரு சொல் தடுக்கவில்லை. காய்ச்சலும் இல்லை.

ஏப்ரல் 20

அதே கோட்டோடு ஆல்ம்லோஃப் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"நாள் குறிக்கணுமா? இல்ல, உங்க காய்ச்சலைக் கேட்டுட்டுக் குறிக்கலாமா?"

"இப்பவே கேளுங்க ஐயா."

கேட்டார். ஒன்றரை மணி நேரம். அவருடைய நாய் இரண்டு முறை கொட்டாவி விட்டது.

தேறிவிட்டேன். சுமாராகத்தான்.

அக்டோபர் 7, ஹார்னேசாண்ட்

வடக்கே வந்து லத்தீன் ஆசிரியராகி ஆறு வாரம். இன்று ஊருக்குள் அந்தப் படம் வந்தது. முழுக் குப்பை. மாணவர்கள் பாடுகிறார்கள், படகு விடுகிறார்கள், ஒருவனும் புத்தகத்தைத் தொடவில்லை. என் காட்சியில் வாய் மட்டும் கம்பீரமாக அசைகிறது. அடுத்து நான் சொல்வதாகத் திரையில் எழுத்து அட்டை:

"ரோமாபுரிங்களா? அங்க பியர் என்ன விலைங்க?"

கொட்டகையே சிரித்தது. பக்கத்தில் தலைமையாசிரியர் திமேலியுஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தத் தற்குறி கொஞ்சம் உங்க சாயல்ல இருக்கானே மாஸ்டர்?"

"ஒண்ணுவிட்ட அண்ணன்."

"பாவம். நிஜத்துல தேறுனாரா?"

"அந்தப் படத்தாலதான் சார் தேறினார்."

விளக்குப் போட்டார்கள். முன்வரிசையில் என் வகுப்புப் பையன்கள் இருபத்தாறு பேரும் திரும்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாளை முதல் மணி லத்தீன்.