இரண்டு நிமிடப் பேச்சு

அன்புள்ள வாயாடிக்கு,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

இங்கே ஒரு வேடிக்கை. நான் பாடம் நடத்தினால் என் மாணவர்கள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறார்கள். அதனால் நேற்று அவர்களை ஜோடியாக உட்கார வைத்தேன். ஒருவர் தன் வீட்டைப் பற்றி இரண்டு நிமிடம் பேச வேண்டும். மற்றவர் அதை வகுப்புக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். காது கொடுத்துக் கேட்டதற்குப் பத்து மதிப்பெண். கடைசி பெஞ்சில் ஒரு மாணவி ஜோடியில்லாமல் மிஞ்சினாள். நானே போய் உட்கார்ந்து, பாப்பா புராணம் பாடினேன்.

அவள் எழுந்து சொன்னாள்: "சாருக்கு ஒரு பொண்ணு. அவளுக்கு என்ன பிடிக்கும்னு கேட்டேன். ரயில் பொம்மையும் வாழைப்பழமும்னார். இப்பவுமான்னு கேட்டேன். தெரியல, ரெண்டு வருஷம் முன்னாடி நான் கிளம்பினப்போ அதான் பிடிக்கும்னார்."

யாரும் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்துச் சமாளித்தேன். அவளுக்குப் பத்துக்குப் பத்து போட்டேன்.

பாப்பாவின் பாதத்தை ஒரு தாளில் வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பு. ஷூ வாங்க வேண்டும். அவளுக்கு இப்போது என்னென்ன பிடிக்கும் என்று அதே தாளில் எழுது. மணி அடித்துவிட்டது, வகுப்புக்கு ஓட வேண்டும். மறந்துவிடாதே. யாராவது மறுபடி கேட்டால் நான் சொல்ல வேண்டும்.

உன் வாத்தியார்