சக்கரவர்த்தி போனார், வாரண்ட் போகவில்லை

அண்ணே, இன்று காலை ரேஷன் கடை வாசலில் மழையில் நனைந்த சாக்கு மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். துறைமுகத்தில் மூட்டை சுமந்துவிட்டு நீ வரும்போது இதே வாசம்தான் உனக்கு முன்னால் வீட்டுக்குள் வரும். அரிசி வாங்காமலே திரும்பிவிட்டேன். நீ இருந்தால், "ஏளா கோட்டிக்காரி, அரிசி மேலயா ஒனக்குக் கோவம்?" என்று சிரித்திருப்பாய்.

என் கோபம் யார் மேல் என்று உனக்குத் தெரியும்.

கூலி கேட்டு நீங்கள் வேலைநிறுத்தம் செய்த அன்று, தரையில் உட்கார்ந்திருந்த கிழவர் ஒருவரைக் கங்காணி நெஞ்சில் மிதித்தான். அவர் வாயில் ரத்தம் வந்த பிறகும் நிறுத்தவில்லை. மூட்டை இழுக்கும் கொக்கியை நீ அவன் தோளில் இறக்கினாய். சதையோடு பிய்த்துக்கொண்டு வந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். நீ செய்தது சரி என்று நான் யாரிடமும் வாதாடியதில்லை. கிழவர் பிழைத்துக்கொண்டார், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அன்று மாலையே வாரண்டோடு போலீஸ் வந்தது. நீ அகப்படாத ஆத்திரத்தில் அடுப்பை மிதித்து உடைத்தார்கள். லத்தியால் அப்பாவின் வாயில் குத்தினார்கள். நீயோ ஆழ்வார்திருநகரிப் பக்கம் அத்தையின் வாழைத்தோட்டத்தில் மாதக்கணக்கில் ஒளிந்து கிடந்தாய்.

சுதந்திரம் வருவதற்கு முந்தின நாள், பட்டப்பகலில், தலை சீவிக்கொண்டு வந்து நின்றாயே. நான் ஓடிப்போய்த் தெருக்கதவைச் சாத்தினேன்.

"வாரண்டுல வெள்ளக்காரச் சக்கரவர்த்தி பேருதாம்ளா இருக்கு. கேஸ் போட்டது அவன். அவன் ஆட்சியே நாளைக்குப் போவுது. அப்பொறம் எவன் பேரச் சொல்லி என்னயப் பிடிப்பான்?"

உனக்கு மட்டுமல்ல, மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாருக்கும் அதே கணக்குதான். தேசமே புதிதாகிறது, பழைய கேஸ் எப்படி நிற்கும் என்று. எனக்கும் அது நியாயமாகவே பட்டது. உனக்கு வெள்ளை வேட்டி துவைத்துக் கொடுத்தேன்.

மறுநாள் கொடியேற்றிய இடத்தில் முதல் வரிசையில் நின்றாய். மிட்டாய் வாங்கக் கையை நீட்டினாய். அந்தக் கையைத்தான் ஏட்டு பிடித்தார். வீட்டில் அடுப்பை உடைத்த அதே ஏட்டு. சட்டையில் மூவர்ணக் கடுதாசிக் கொடி குத்தியிருந்தார்.

"சக்கரவர்த்தி போயாச்சுல்லா, ஏட்டையா?" என்று கேட்டாய்.

"ராசா போவான், வருவான். செக்‌ஷன் அங்கனயேதாம்ல இருக்கும்," என்றார். சொல்லிக்கொண்டே லத்தியை உன் விலாவில் செருகினார். நீ விழுந்ததும் இன்னும் நாலு போலீஸ்காரர்கள் சேர்ந்துகொண்டார்கள். எலும்பு உடையும் சத்தத்தை நான் கேட்டேன், அண்ணே. பக்கத்தில் பாட்டு பாடிக்கொண்டிருந்தார்கள். மிட்டாய் கையிலேயே நசுங்கியது.

ஸ்டேஷனிலிருந்து உன்னைப் பாயில் சுற்றித்தான் கொடுத்தார்கள். வயிற்றுவலியில் செத்ததாகச் சொன்னார்கள். குளிப்பாட்டியவள் நான். எந்த வயிற்றுவலி முதுகுத் தோலை உரிக்கும்?

வாய்தா அன்று கோர்ட்டுக்குப் போனேன். பேர் கூப்பிடும் டவாலி வழக்கம் மாறாமல் சக்கரவர்த்தி பேரைச் சொல்லி, உன் பேரையும் கூவி, "எதிரி ஆஜரா?" என்றான். சக்கரவர்த்திக்கு நீதான் எதிரி, பார்த்துக்கொள்.

எதிரி இறந்துபோனதால் வழக்கு முடிந்தது என்றார் மாஜிஸ்திரேட். ஒரு பேரரசு போயும் சாகாத கேஸ், நீ செத்ததும் செத்துவிட்டது.

நான் கூண்டுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். "செக்‌ஷன் ஒண்ணும் மாறலன்னு ஏட்டையா சொன்னாவ. அப்பம் கொலைக்கு உள்ள செக்‌ஷனும் அங்கனயேதான இருக்கும், ஐயா?"

அவர் பேனாவை மூடினார். "அது இந்தக் கேஸ்ல வராதும்மா."

"எந்தக் கேஸ்ல வரும்?"

டவாலி அடுத்த பேரைக் கூப்பிட்டுவிட்டான்.

அதற்குப் பிறகு மனு மேல் மனு போட்டேன். கலெக்டர்கள் மாறினார்கள், கட்சிகள் மாறின. கொலைக்கான செக்‌ஷன் மட்டும் மாறவில்லை, விசாரித்து வைத்திருக்கிறேன். பதில் சொல்ல வேண்டியவர்கள் பென்ஷன் வாங்கித் தின்று, படுக்கையில் நிம்மதியாகச் செத்தார்கள். உன்னைக் கொன்றதற்கு ஒரு கேஸ் இன்னும் யாரும் போடவில்லை. என்றைக்காவது போட்டுக் கூப்பிட்டால், நான் ஆஜர்.